தாராளம் டெய்லர் மாட்டிய பெல்ட்

அந்தத் தையல் கடைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது டெய்லரின் ஆள்காட்டி விரல்தான். இடுப்பைச் சுற்றி அளவு நாடாவைக் கொண்டுவருவார், நாடாவுக்கும் இடுப்புக்கும் நடுவே அந்த விரலை நுழைப்பார், அதற்குப் பிறகுதான் அளவைப் பார்ப்பார். இடுப்புக்கு ஒரு விரல், மார்புக்கு ஒரு விரல், கழுத்துக்கு ஒரு விரல். குண்டானவருக்கும் அதே விரல், ஒல்லியானவருக்கும் அதே விரல். இதனால் அவர் தைத்த துணி எதுவும் உடம்பைத் தொடாது, மரியாதை கொடுத்துத் தள்ளியே நிற்கும். தெருவில் அவருக்குத் தாராளம் என்று பேர் வந்தது இப்படித்தான். ஆள் கையைத் திறப்பதில் தாராளம் என்று நினைத்து நன்கொடை கேட்க வந்தவர்கள் வெறுங்கையோடு போயிருக்கிறார்கள்.

அந்த விரலுக்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவருக்கு உடம்போடு ஒட்டினாற்போல் ஒரு பேண்ட் தைத்துக் கொடுத்தார். அந்த மனிதர் அதைப் போட்டுக்கொண்டு வேலை கேட்கப் போனார். பெரிய அதிகாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது கீழே விழுந்த பேனாவை எடுக்கக் குனிந்தார். பேனா கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை. அன்று கடைக்கு வந்து அந்த மனிதர் பேசிய பேச்சு டெய்லரின் காதை விட்டுப் போகவே இல்லை. அன்றிலிருந்து விரல்.

அவர் மனைவியும் அந்தக் கடைக்குள் முதலில் சட்டை தைக்கத்தான் வந்தாள். வேன் ஓட்டும் வேலையில் சேர்ந்திருந்தாள், அதற்கு ஒரு டிரைவர் சட்டை வேண்டியிருந்தது. தைத்து வாங்கிப் போனவள் மறுநாளே திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் போட்டாள்.

"இதுக்குள்ள நானும் இருக்கேன், இன்னொருத்தரும் ஏறலாம்" என்றாள்.

"போகப் போக சரியா வந்துரும்ங்க."

"வளர்ற வயசெல்லாம் தாண்டி வந்துட்டேன்."

பிடித்துக் கொடுத்தார். மறுபடியும் கொண்டுவந்தாள். மறுபடியும் பிடித்தார். ஒவ்வொரு தடவையும் அளவெடுத்தார், ஒவ்வொரு தடவையும் விரல் உள்ளே போனது. சட்டை கடைசிவரை சரியாகவில்லை. ஆனால் அதற்குள் அவள் வருவதும் போவதும் இரண்டு பேருக்கும் பழகிவிட்டது, கல்யாணம் செய்துகொண்டார்கள். இன்றைக்கும் அந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வேன் ஓட்டுகிறாள், கையை மடித்து விட்டுக்கொண்டு.

வேன் இப்போது அவளுடைய சொந்த வேன். மழலைப் பள்ளிக்குக் காலையில் பிள்ளைகளை ஏற்றிப் போவாள், மதியம் கொண்டுவந்து வீட்டு வாசலில் விடுவாள். அந்த வருமானத்தில்தான் வீடு நிற்கிறது. தையல் கடை வீட்டின் முன்னறை. அது நிற்பது டெய்லரின் மனத்திருப்திக்காக.

அந்த வருஷம் வேன் ஏற்கெனவே வழியில் நின்று தொலைத்திருந்தது. ஒரு தடவை டயர், ஒரு தடவை தண்ணீர்க் குழாய். பள்ளிக்கூடத்து மேடம் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இன்னொரு நாள் பிள்ளைங்க ரோட்ல நின்னா, உங்க ரூட்டை அடுத்த தெரு வேன்காரருக்குக் குடுத்துருவேன்மா. தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வது. அவள் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

இந்த நேரம் பார்த்துத் தெருமுனை மெக்கானிக் வேனைத் திறந்து பார்த்துவிட்டு, டைமிங் பெல்ட் ஓரத்தில் பிளக்க ஆரம்பித்திருக்கிறது என்றான். அந்த பெல்ட் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் நடுவில் கேட்க வேண்டாம். எஞ்சினுக்குக் கீழே ஒரு பல் சக்கரம், மேலே ஒரு பல் சக்கரம். கீழே இருப்பதைப் பிஸ்டன்கள் சுற்றுகின்றன. மேலே இருப்பது கேம் ஷாஃப்டைச் சுற்றுகிறது, அதுதான் வால்வுகளைத் திறந்து மூடுகிறது. வால்வுகள் எஞ்சினுக்குக் கதவு மாதிரி, காற்றும் பெட்ரோலும் அதன் வழியாகத்தான் உள்ளே வரவேண்டும், புகை அதன் வழியாகத்தான் வெளியே போகவேண்டும். இரண்டு சக்கரத்தையும் ஒரே தாளத்தில் பிடித்து வைப்பது அந்த ரப்பர் பெல்ட். அதற்கும் பல் உண்டு. அது அறுந்தால் மேலே தாளம் நின்றுபோகும், கீழே நிற்காது. பிஸ்டன் போய் வால்வை இடிக்கும். பிறகு எஞ்சின் இல்லை, எடைக்குப் போடும் இரும்புதான்.

"மாத்திரணும்க்கா. ஆனா எனக்கு அடுத்த வாரம் வரைக்கும் வேலை நெருக்கடி. நாளைக்கு மச்சினி வீட்டு விசேஷத்துக்கு வேற போறேன்" என்றான் மெக்கானிக்.

வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது டெய்லர் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். நூலைப் பல்லால் கடித்துவிட்டு, "பெல்ட்தானே, நான் மாத்துறேன்" என்றார்.

"நீங்களா?"

"என் மிஷின்ல நான் மாத்தாத பெல்ட்டா?"

"உங்க மிஷின் ரோட்ல போகாதுங்க."

"அளவு, அடையாளம், இழுத்துக் கட்டுறது. இதுல என்ன இருக்கு? எல்லாம் தையல்தான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருந்தது சம்மதம் என்று டெய்லர் எடுத்துக்கொண்டார். அது யோசனை.

சனிக்கிழமை காலையில் வேலை ஆரம்பமானது. டெய்லர் கைப்பேசியில் யாரோ ஒரு ஆள் பெல்ட் மாற்றுகிற படத்தைப் பார்த்துப் பார்த்துப் பாடம் பண்ணியிருந்தார். குறை சொல்லக் கூடாது, வேலை சுத்தமாகத்தான் நடந்தது. கழற்றிய போல்ட்டுகளைப் பொத்தான் டப்பாவில் அறை அறையாகப் போட்டு வைத்தார், ஒன்றோடு ஒன்று கலக்கவில்லை. மேல் சக்கரத்திலும் கீழ்ச் சக்கரத்திலும் கம்பெனிக்காரன் வெட்டி வைத்த கோட்டை, எஞ்சின்மேல் இருந்த அதனதன் எதிர்க்கோட்டுக்கு நேராக நிறுத்தி, எல்லாவற்றின் மேலும் தையல் சாக்குக்கட்டியால் பளிச்சென்று கோடு போட்டார். பழைய பெல்ட்டைக் கழற்றினார். வாங்கி வைத்திருந்த புதியதை மாட்டி, அதன்மேலும் கோடு போட்டார். இடது பக்கம் இருந்த உருளை பெல்ட்டை அழுத்தி இறுக்கியது. மூடியை மூடினார், கையைத் துடைத்தார், அவளைக் கூப்பிட்டு வண்டியை எடுக்கச் சொன்னார்.

எஞ்சின் ஓடியது. ஊசி வளைந்த மிஷின் மாதிரி ஓடியது. இருக்கை நடுங்கியது, கண்ணாடி நடுங்கியது, பிள்ளைகள் ஜன்னலில் ஒட்டி வைத்திருந்த பொம்மை மீன் தலையாட்டியது. அவள் வேனைத் தெருக்கோடிப் பாலத்துக்கு ஓட்டிப் போனாள். பாலத்தின் ஏற்றத்தில் கால் முழுக்க அழுத்தியும் வேன் இழுக்கவில்லை. பை தூக்கிக்கொண்டு நடந்துபோன ஒருவர் வேனை முந்திப் போனார், போகும்போது உள்ளே எட்டிப் பார்த்து அனுதாபப்பட்டார்.

திரும்பி வந்து சாவியை மேஜைமேல் வைத்தாள். "பெல்ட்டைப் பாருங்க."

"பெல்ட்ல ஒண்ணுமில்ல. கோடு போட்டு மாட்டியிருக்கேன்."

"நேத்து வரைக்கும் பாலம் ஏறிச்சு. நடுவுல நீங்க தொட்டது பெல்ட்டை மட்டும்தான்."

"அது ஒத்துமையா வர்ற நேரம். புதுச் செருப்பு கடிக்காதா?"

இந்த இடத்தில் அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தான். பெயிண்ட் கடை வைத்திருப்பவன். எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது, ஆனால் அதற்காகப் பேசாமல் இருக்கிற ஆளில்லை. வேனைச் சுற்றி ஒரு நடை நடந்தான்.

"மாப்ள, பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கு" என்றான்.

டெய்லருக்கு அந்த வார்த்தை அமிர்தம் மாதிரி இருந்தது. பெட்ரோலைப் பார்த்தார். தண்ணீர் இல்லை. அப்படியானால் ஸ்பார்க் பிளக் என்றான் மச்சான். பிளக்கை மாற்றினார். காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார், சுவர் முழுக்கத் தூசி படிந்ததுதான் மிச்சம். பெல்ட்டைத் தவிர வேனில் அவர் கைபடாத இடம் இல்லை. வேன் அப்படியே நடுங்கிக்கொண்டிருந்தது. பொழுதும் போய்விட்டது.

ஞாயிறு காலையில் அவளே மெக்கானிக்குக்குப் போன் போட்டு டெய்லரின் காதில் வைத்தாள். விசேஷ வீட்டு இரைச்சலுக்கு நடுவே அவன் கத்தினான்.

"மாட்டி முடிச்சிட்டு கையால ரெண்டு சுத்து சுத்திப் பாத்தீங்களாண்ணே?"

"எதுக்குச் சுத்தணும்? கோடு நேரா வெச்சுத்தான் மாட்டினேன்."

"மாட்டறப்ப எல்லாருக்கும் நேராத்தான் இருக்கும். சுத்தினப்புறம் எங்க போய் நிக்குதுன்னுதான் பாக்கணும். ஒரு பல்லு தள்ளியிருந்தா ஓடும், இழுக்காது. அதுக்கு மேல தள்ளியிருந்தா என்னைக் கூப்பிடாதீங்க, பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுங்க. திறந்து பாக்காம சாவியைத் தொடாதீங்கண்ணே."

விடிந்தால் திங்கட்கிழமை. ஏழு வீட்டு வாசலில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு நிற்கும். மேடம் குரலை உயர்த்தாமல் பேசுவார்.

மூடியைத் திறந்தார். கீழ்ச் சக்கரத்தில் ஸ்பேனரைப் போட்டு, கையால் மெதுவாக, எங்காவது இடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இரண்டு முழுச் சுற்று சுற்றினார். எங்கும் இடிக்கவில்லை. கீழ்ச் சக்கரத்தின் கோடு கரெக்டாக வந்து நின்றது. மேல் சக்கரத்தின் கோடு ஒரு பல் பின்னால் நின்றது. எஞ்சினுக்குக் கதவு திறக்கிற ஆள் ஒவ்வொரு தடவையும் தாமதமாக வந்திருக்கிறான், அவ்வளவுதான் விஷயம்.

டெய்லர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கழற்றி மறுபடி மாட்டினார். கோடு நேர். சுற்றினார். ஒரு பல் பின்னால். இன்னொரு தடவை கழற்றி மாட்டினார். நேர். சுற்றினார். அதே ஒரு பல், அதே இடம். இப்போது அவருக்குக் கோபம் வந்தது. பெல்ட் செய்தவன் சரியில்லை என்றார். சக்கரத்தில் கோடு வெட்டியவன் தூங்கிக்கொண்டே வெட்டியிருக்கிறான் என்றார். மச்சான் அதற்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு பல்லு பின்னாடி போகுதுன்னா, நீங்க ஒரு பல்லு முன்னாடியே வெச்சு மாட்டிருங்க மாப்ள. கணக்கு சரியாப் போச்சு."

டெய்லர் நிமிர்ந்து பார்த்தார். ஆசைதான்.

"வேண்டாம்" என்றாள் மனைவி. "ஏன் போகுதுன்னு தெரியாம மாத்தி வெச்சா, அது நாளைக்கு எங்க போய் நிக்கும்னு நான் பிள்ளைங்களை ஏத்திக்கிட்டுப் போய்த் தெரிஞ்சுக்கணுமா?"

"அப்ப நீயே சொல்லேன்."

"நான் எஞ்சினைப் பாக்கல. உங்களைப் பாக்கப்போறேன். மாட்டுங்க."

டார்ச்சை எடுத்துக்கொண்டு பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். வெளிச்சத்தைச் சக்கரத்தில் அடிக்கவில்லை, அவருடைய கையில் அடித்தாள். டெய்லர் பெல்ட்டைக் கீழ்ச் சக்கரத்தில் பல்லுக்குப் பல் பொருத்தினார். உருளை இல்லாத வலது பக்கமாக மேலே கொண்டுபோனார். மேல் சக்கரத்தில் ஏற்றப் போகும் நேரம் கை ஒரு கணம் நின்றது. இடது கையின் ஆள்காட்டி விரல், யாரும் கூப்பிடாமல், மெல்லப் போய் பெல்ட்டுக்கு அடியில் நுழைந்தது. பெல்ட் அந்த விரல் அளவுக்கு உப்பிக்கொண்டு மேல் சக்கரத்தில் ஏறியது.

"அங்க எதுக்கு விரலை விடுறீங்க?"

"விரலா? நான் விரலே விடல."

"இப்பவும் உள்ளதான் இருக்கு."

டெய்லர் குனிந்து பார்த்தார். மச்சானும் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பார்த்தான். மூன்று பேரும் அந்த விரலைப் பார்த்தார்கள். விரல் எதையும் மறுக்கவில்லை.

"அது... ஒரு விரல் இடம் விடாம எப்படி? மூச்சு விட வேண்டாமா?"

"அதுக்கு மூச்சில்லீங்க. அது ரப்பர்."

விஷயம் இதுதான். வலது பக்கம் பெல்ட் கம்பி மாதிரி விறைப்பாக ஏறவேண்டும். தொளதொளப்பு மிச்சம் இருந்தால் அதெல்லாம் இடது பக்கம் உருளையிடம் போகவேண்டும், அதை இழுத்துக்கொள்ளத்தான் அங்கே உருளை வைத்திருக்கிறான். டெய்லரோ வலது பக்கத்தில் ஒரு விரல் தாராளம் விட்டிருந்தார். கோடு நேராக இருக்கும்போதே விட்டிருந்தார். விரலை எடுத்ததும் அந்த இடம் காலியாக நின்றது. உருளை இடது பக்கம் இழுக்க இழுக்க, வலது பக்கத்துத் தாராளத்தை எடுத்துக்கொண்டு மேல் சக்கரம் ஒரு பல் பின்வாங்கியது. பெல்ட் செய்தவன்மேல் தப்பில்லை. கோடு வெட்டியவனும் விழித்துக்கொண்டுதான் வெட்டியிருந்தான்.

"என் சட்டைக்குப் பண்ணினதையே வேனுக்கும் பண்ணியிருக்கீங்க" என்றாள் அவள்.

டெய்லருக்கு முகம் சுண்டிவிட்டது. "சரி, இப்பத்தான் தெரிஞ்சுபோச்சே. இனி விடமாட்டேன்" என்று மறுபடி மாட்டினார். விடமாட்டேன் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் விரல் உள்ளே போயிருந்தது. விரலை மடக்கி வைத்துக்கொண்டு மாட்டினார். மேல் சக்கரத்துக்கு வந்ததும் மடக்கிய விரல் தானாக நிமிர்ந்தது. எத்தனை வருஷத்துப் பழக்கம், அதனிடம் போய் எஞ்சின் என்றால் அதற்கு என்ன தெரியும்.

அவள் எழுந்து கடைக்குள் போனாள். வெட்டி மிஞ்சிய துணிக் குவியலிலிருந்து ஒரு கரைத்துண்டைக் கிழித்து வந்தாள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து வைத்துச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"கொஞ்சம் லூசா கட்டேன்" என்றார் டெய்லர்.

அவள் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

இந்தத் தடவை வலது பக்கம் பெல்ட் விறைப்பாக ஏறியது. ஏறும்போது அவள் தன் உள்ளங்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், எவர் விரலும் நுழைய இடமில்லாமல். தொளதொளப்பு முழுக்க இடது பக்கம் போய் உருளையிடம் சேர்ந்தது. உருளையை விட்டார், அது இழுத்துக்கொண்டது, போல்ட்டை முடுக்கினார். பிறகு ஸ்பேனரைப் போட்டுச் சுற்றினார். முதல் சுற்று. இரண்டாவது சுற்று. கீழே கோடு நேர். மேலே கோடு நேர்.

டெய்லர் நம்பாமல் இன்னும் இரண்டு சுற்று சுற்றினார். மறுபடியும் நேர். பெல்ட்டின்மேல் அவர் போட்டிருந்த சாக்குக்கட்டிக் கோடு மட்டும் எங்கோ ஒரு மூலையில் போய் நின்றது. அதைப் பற்றி அவர் வாயைத் திறப்பதற்குள், "அது பெல்ட்டு, சக்கரமில்ல, சுத்தினா வேற எடத்துலதான் நிக்கும். அதைப் பாக்காதீங்க" என்றாள் அவள். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. அவள் போனில் மெக்கானிக்கிடம் அதையும் கேட்டு வைத்திருந்தாள்.

மூடியைப் போட்டுச் சாவியைத் திருகியதும் எஞ்சின், எண்ணெய் விட்ட தையல் மிஷின் மாதிரி ஓடியது. பொம்மை மீன் அசையவில்லை. பாலத்துக்குப் போனார்கள். டெய்லர் பின்னால் பிள்ளைகள் உட்காரும் குட்டி இருக்கையில், முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்திருந்தார். வேன் பாலத்தில் ஏறியது. உச்சியில் அவள் கியரை மாற்றியபோது, "இழுக்குது" என்றாள்.

"நான்தான் சொன்னேனே, பெல்ட்தானேன்னு" என்றார் டெய்லர்.

அவள் கண்ணாடியில் அவரைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாக வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை காலை அவள் பிள்ளைகளை ஏற்றப் புறப்பட்டபோது டெய்லர் வாசலில் வந்து நின்றார். விரல் கட்டு அப்படியே இருந்தது.

"இன்னும் அவிழ்க்கலையா?"

"நீ போயிட்டு வா. வேன் திரும்பி வந்தப்புறம் அவிழ்க்கிறேன்."

அவிழ்த்தால் பெல்ட் நழுவிவிடும் என்று அவருக்கு ஓர் எண்ணம். அது எப்படி நழுவும் என்று கேட்டால் பதில் இருக்காது, ஆனால் அவிழ்க்கவும் மாட்டார். அவள் போனபின் கடையில் உட்கார்ந்தார். ஊசியில் நூல் ஏறவில்லை. தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் எழுந்து போய்ப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் மச்சான் துணியோடு வந்தான், தன் பெயிண்ட் கடைக்கு வெளியூர் வியாபாரிகள் வருகிறார்கள், அவசரமாக ஒரு பேண்ட் வேண்டும் என்று.

"நல்லா எடுப்பா இருக்கணும் மாப்ள. உங்க வழக்கப்படி கூடாரம் தெச்சிராதீங்க."

டெய்லர் ஒரு காதைத் தெருவில் வைத்துக்கொண்டே அளவெடுத்தார். நாடாவை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தார். கட்டுப்போட்ட விரல் நுழையப் பார்த்தது, நுழைய முடியவில்லை. அளவு அப்படியே வந்தது. அவர் கவனிக்கவில்லை. அப்போதுதான் தெருமுனையில் வேனின் சத்தம் கேட்டது. நடுக்கமில்லாத சத்தம். வேன் வாசலில் வந்து நின்றது, அவள் இறங்கினாள்.

"ஏத்தினேன், இறக்கினேன், வந்துட்டேன்" என்றாள். "மேடம் வாசல்லயே நின்னாங்க. வண்டி நல்லா ஓடுதே, எந்த மெக்கானிக்குன்னு கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"தெரிஞ்சவர்தான்னு சொன்னேன். ரூட்டு நம்மகிட்டயே இருக்கட்டும்னுட்டாங்க."

டெய்லர் உட்கார்ந்தார். வேறொன்றும் செய்யவில்லை, உட்கார்ந்தார்.

பேண்ட் தயாரானபோது மச்சான் கடைக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றான். அந்தக் கடையில் அப்படி ஒரு பேண்ட் இதுவரை தைக்கப்பட்டதில்லை. ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு தொங்கல் கிடையாது. முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தான்.

"மாப்ள, இத்தனை நாள் இந்தக் கையை எங்க வெச்சிருந்தீங்க?"

டெய்லர் பேண்ட்டைப் பார்த்தார், அளவெடுத்த காலையை நினைத்துப் பார்த்தார், தன் விரலைப் பார்த்தார். வேன் சாவியோடு உள்ளே வந்த அவர் மனைவி தன் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள்.

"நிக்கறப்ப எல்லாருக்கும் சரியாத்தான் இருக்கும்ணே" என்றாள். "ரெண்டு தடவை உக்காந்து எந்திரிச்சுப் பாரு."

முதல் தடவை உட்கார்ந்து எழுந்தான், ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது தடவை பின்பக்கத்திலிருந்து தையல் பிரிகிற சத்தம் வந்தது, நீளமாக, நிதானமாக. டெய்லர் அதை முழுக்கக் கேட்டு முடித்தார். பிறகு மேஜையிலிருந்து நாடாவை எடுத்துக்கொண்டு, "வாங்க மச்சான்" என்று கூப்பிட்டு, இடுப்பைச் சுற்றி, விரலை உள்ளே விட்டார்.